சென்னியப்பன் கையெழுத்து

கால் கட்டைவிரலில் கயிற்றைக் கட்டிக்கொண்டால் தூளி தானாக ஆடும், கையால் வேறு வேலை பார்த்துக்கொள்ளலாம், ஆனால் இன்றைக்குக் கை சொன்னபடி கேட்கவில்லை. மொச்சையை உரித்துத் தோலைச் சட்டியிலும் பயறைக் குப்பையிலும் போடுகிறேன், பிறகு குப்பையைக் கிளறிப் பயறைப் பொறுக்குகிறேன். விட்டத்துக் கொக்கி, காலை இழுத்தால் ஒரு கிரீச், விட்டால் ஒரு கிரீச். பாப்பா எப்போதோ தூங்கிவிட்டாள், ஒன்பது மாசப் பிள்ளைக்கு என்ன தெரியும், எனக்குத்தான் ஆட்டுவதை நிறுத்தப் பயம், நிறுத்தினால் கடிகாரம் கேட்கும். நாலு மணிக்குச் சென்னைக்காரரைக் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார் என் வீட்டுக்காரர். கல்யாணத்துக்குத் தைத்த பேண்ட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு, கண்ணாடி முன்னால் இரண்டு தரம் தலை சீவி, "கண்ணு, டிகாசன் மட்டும் திக்கா எறக்கி வெச்சிரு, சென்னைக்காரரு காப்பிப் பிரியராம், லென்சு சொந்தமாக் கொண்டுட்டு வர்றாராம்" என்றார். சொல்லும்போது சிரித்தார். கல்யாணமாகி மூன்று வருசத்தில் பல் தெரிய அவர் சிரித்து நான் பார்த்தது பாப்பா பிறந்த அன்றைக்கு, அப்புறம் இன்றைக்கு. லென்சு என்று கேட்டதிலிருந்து எனக்கு ஒரு வாய் சோறு இறங்கவில்லை. லென்சில் எல்லாம் தெரியும் என்று எனக்குச் சொன்னவரே அவர்தான். நிசக் கையெழுத்து ஓடும், கள்ளக் கையெழுத்து தயங்கும், கண்ணுக்குத் தெரியாது, லென்சுக்குத் தெரியும் என்று எத்தனை தரம் சொல்லியிருக்கிறார். அதோ அந்த பீரோவுக்குள் பூட்டி வைத்திருக்கிற கடுதாசியில், கீழே வலப்பக்கம், நீல மையில் இருக்கிற கையெழுத்து சென்னியப்பன் போட்டது இல்லை. நான் வரைந்தது. இதை மனசுக்குள் சொல்லிப் பார்த்தாலே காது சூடாகிறது. கால் நின்றுவிட்டது, தூளி நிற்கிறது, ஆட்டு, ஆட்டு.

பீரோவைப் பார்க்கக் கூடாது என்று சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன், இப்போது பீரோ முதுகுக்குப் பின்னால் இருக்கிறது, அது இன்னும் மோசம். உள்ளே மூன்று ஆல்பம். அணை கட்டிய ஒரு இஞ்சினீயர் கையெழுத்துப் போட்ட சிமெண்ட்டு ரசீது, குஷ்டரோகிகளைத் தொட்டு வைத்தியம் பார்த்த டாக்டர் ஒருவரின் மருந்துச் சீட்டு, நாடகத்தில் பாடின ஒரு அம்மாள் பீடாக் கடைக் காகிதத்தில் போட்டுக் கொடுத்தது, தீர்ப்புச் சொல்லிவிட்டு அழுத நீதிபதி ஒருவர் மகளுக்கு எழுதின போஸ்ட் கார்டு. எல்லாம் செத்துப்போனவர்கள். அவர்கள் வீட்டு முகவரியைத் தேடிப் பிடித்து, உங்கள் ஐயா கையெழுத்துப் போட்ட காகிதம் பழசாக எது கிடந்தாலும் அனுப்பி வையுங்கள் என்று எழுதி, உள்ளே நம் விலாசம் எழுதித் தபால் தலை ஒட்டின உறை ஒன்றையும் வைத்து அனுப்புவார். பத்து எழுதினால் ஒன்று வரும். சிலர் கையெழுத்தை மட்டும் கத்தரித்து அனுப்பிவிடுவார்கள், அன்றைக்கு இவருக்குச் சாப்பாடு இறங்காது. தலையை மட்டும் அறுத்து அனுப்பிச்சிருக்காங்க பாரு, ஒடம்பு எங்கே என்பார். கையைக் கழுவித் துடைத்து, துடைத்த கையை மறுபடியும் சட்டையில் துடைத்துவிட்டுத்தான் தொடுவார். காகிதத்துக்கும் தோலு உண்டு கண்ணு. பள்ளிக்கூடத்து ஆபீசில் கிளார்க்கு வேலை, நாள் முழுக்க யார் யாரோ கையெழுத்தைத்தான் பார்க்கிறார், வீட்டுக்கு வந்தும் அதுதான். அடுத்த வீட்டுச் சரசக்கா ஒருநாள் கேட்டாள், "ஏ மயிலு, உன்ற ஊட்டுக்காரரு செத்தவங்க கையெழுத்தாப் பாத்துச் சேக்கறாரே, உசுரோட இருக்கறவ உன்ற கையெழுத்து ஒண்ணாச்சும் வெச்சிருக்காரா?" நான் சிரித்தேன். என் கையெழுத்தா? மயிலாத்தாள் என்று எழுத வேண்டும், ஆறு எழுத்து, ஒவ்வொன்றுக்கும் நின்று யோசிப்பேன், ரேசன் கடையில் பின்னால் நிற்கிறவர்கள் உச்சுக் கொட்டுவார்கள், என் பேரை நான் எழுதினதை லென்சில் வைத்துப் பார்த்தால் இது கள்ளம் என்றுதான் யாரும் சொல்வார்கள்.

மற்றதெல்லாம் பந்தலில் வந்து உட்கார்ந்த சனம், மாப்பிள்ளை அந்த ஒரு கடுதாசிதான். அது மாமனார் டிரங்குப் பெட்டியில் இருந்தது. நான் மாமனாரைப் பார்த்ததில்லை, போட்டோவில் பார்த்ததுதான், காது பெரிசு, சட்டைப் பொத்தான் கழுத்துவரை போட்டிருப்பார், வெள்ளிங்கிரி என்று பேர். மில்லில் நூல் கண்டு மாற்றுகிற வேலை. இவர் பிறப்பதற்கு முந்தின வருசம் மில்லில் ஸ்ட்ரைக், நாற்பத்தொரு நாள். முப்பதாவது நாள் மாமனார் மட்டும் கேட்டுக்குள் வேலைக்குப் போனார். வெளியே நின்றவர்கள் காறித் துப்பினார்கள். கருங்காலி என்றார்கள். அவர் போனது சங்கத் தலைவர் சென்னியப்பன் சொல்லி. யார் யாரை வேலையைவிட்டு எடுக்கப்போகிறார்கள் என்ற பட்டியல் உள்ளே இருந்தது, அதைப் பார்த்துவிட்டு வந்து சொல்லத்தான் அனுப்பினார். பார்த்தார், சொன்னார். ஸ்ட்ரைக் முடிந்ததும் கூட்டத்தில் எல்லாருக்கும் வாசிக்கிறேன் என்று சங்கத்து லெட்டர்பேடில் டைப்படித்து, அடியில் கையெழுத்துப் போட்டு மாமனார் கையில் கொடுத்தார் சென்னியப்பன். "வெள்ளிங்கிரி ஆலைக்குள் போனது என் உத்தரவின்பேரில். அவரை யாரும் பழிக்கக் கூடாது." எனக்கு மனப்பாடம். அந்தக் கூட்டம் நடக்கவில்லை. போலீசு அடியில் ஆஸ்பத்திரிக்குப் போன சென்னியப்பன் பதினோராம் நாள் செத்துப்போனார். மாமனார் கடுதாசியைக் காட்டினபோது, டைப்பு யாரு வேணும்னாலும் அடிக்கலாம்டா, கையெழுத்து எவன் வேணும்னாலும் போடலாம்டா என்று சொல்லிவிட்டார்கள். அதற்கப்புறம் அவர் யாருக்கும் காட்டவில்லை. செத்தபோது பாடையைத் தூக்க, மில் ஆட்கள் குடியிருந்த லைன் வீட்டிலிருந்து ஒரு ஆள்கூட வரவில்லையாம். அப்போது இவருக்குப் பத்தொன்பது வயசு. ஒரு பக்கம் இவர், மற்ற மூன்று பக்கமும் கூலிக்கு வந்தவர்கள். நடக்க நடக்க என்ற தோள் மட்டும் தாழ்ந்து தாழ்ந்து போச்சு கண்ணு, அவுங்கெல்லாம் பழக்கப்பட்டவங்க என்றார் ஒருநாள். அவ்வளவுதான் சொன்னார். இப்போது பழைய சங்கத்துக் கட்டடத்தில் நினைவு மண்டபம் கட்டியிருக்கிறார்கள், ஸ்ட்ரைக்கில் நின்ற நூற்றுப் பன்னிரண்டு ஆட்களின் பேரையும் கல்லில் வெட்டியாகிவிட்டது. பழைய காகிதங்களைச் சோதிக்கிற இந்தச் சென்னைக்காரர் பார்த்துக் கையெழுத்து நிசம் என்று சொன்னால் கடுதாசி கண்ணாடிப் பெட்டிக்குள் போகும், கல்லில் வெள்ளிங்கிரி பேர் ஏறும். கடைசியில் ஒரு வரிக்கு இடம் விட்டு, கல்தச்சர் பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கிறாராம். இவர் மூன்று நாள் போய் அந்தக் கோட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தார். தொட்ட விரலை என்னிடம் நீட்டிக் காட்டினார், பென்சில் கரி ஒட்டியிருந்தது.

வெயில். அந்த வெயிலை நினைத்தால். ஐப்பசி முழுக்க மழை, சுவர் ஊறி பீரோவுக்குள் காளான் வாசம். இவர் டிரெய்னிங்குக்கு ஒரு மாசம் சேலம் போயிருந்தார், அப்போதெல்லாம் சாவியை அரிசி டின்னுக்குள் போட்டுவிட்டுப் போவார். சேலையை உலர்த்தலாம் என்று பீரோவைத் திறந்தால் ஆல்பத்து ஓரத்தில் ராமபாணப் பூச்சி ஒன்று வெள்ளியாக ஓடுகிறது. பூச்சி விழுந்தால் என்ன செய்வார்கள்? அரிசியில் வண்டு விழுந்தால் வெயிலில் கொட்டுவோம், தலையணையை வெயிலில் போடுவோம், பிறந்த பிள்ளையையே காலை வெயிலில் காட்டு என்றுதானே நர்சம்மா சொன்னாள். மற்ற காகிதங்களை வேப்பிலை போட்டு மூடிவிட்டு, இதுதானே உசிரு, இதை நன்றாகக் காய வைப்போம் என்று இதை மட்டும் மொட்டைமாடிக்கு எடுத்துக்கொண்டு போனேன். காற்றில் பறக்காமலிருக்கச் சாமி படத்துக் கண்ணாடியைக் கழற்றி மேலே வைத்தேன். தினமும். மழை வெறித்த நாளெல்லாம் காலையில் வைத்து உச்சிக்கு எடுப்பேன், பாப்பாவை மடியில் போட்டுக்கொண்டு காக்காய் வராமல் காவல் இருப்பேன். மூன்று வாரம். எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா, அவர் வந்தால் சொல்ல வேண்டும், பூச்சியிலிருந்து நான் காப்பாற்றினேன் என்று. ஜெராக்ஸ் எடுத்து வெச்சுக்கலாமுங்களே என்று நான் முன்னே ஒருநாள் கேட்டபோது, வேண்டாம் கண்ணு, அந்த மிசின் வெளிச்சம் மைக்கு ஆகாது என்றார். நான் கேட்டுக்கொண்டேன். மிசின் வெளிச்சம் என்றால் மிசின் வெளிச்சம், வெயில் என்றால் வெயில், இரண்டும் ஒன்று என்று அஞ்சாப்புப் படித்தவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? ஒருநாள் கண்ணாடியை எடுத்துப் பார்க்கிறேன், டைப்படித்தது அப்படியே கருகருவென்று நிற்கிறது, கீழே ஒன்றும் இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். சாய்த்துப் பிடித்தால் நிப்பு கீறின தடம் மட்டும், நத்தை போன தடம் மாதிரி. நான்தான் பக்கத்தில் உட்கார்ந்து காவல் காத்தேன். என் கண் முன்னாலேயே அது தினம் கொஞ்சம் போயிருக்கிறது, எனக்குத் தெரியவில்லை.

அவர் வர ஆறு நாள் இருந்தது. ஆறு நாளும் சோறு ஆக்கினேனா, பிள்ளைக்குப் பால் கொடுத்தேனா, ஞாபகமில்லை. கல்யாணத்துக்கு முன்னால் நான் ஜாக்கெட்டுக்குப் பூப்போடுகிற கடையில் டிசைன் இறக்குகிற வேலை பார்த்தேன். எண்ணெய்க் காகிதத்தில் ஊசியால் பொட்டுப் பொட்டாகக் குத்தி, துணி மேல் வைத்து, மண்ணெண்ணெயில் குழைத்த நீலத்தைத் தேய்த்தால் பூ இறங்கும், அது மங்கிப் போன இடத்தில் பென்சிலால் போன கோட்டின் மேலேயே போக வேண்டும், மயிர் அளவு விலகினாலும் முதலாளியம்மா திட்டுவாள், என்னை மட்டும் திட்டமாட்டாள். போன கோட்டின் மேலேயே போவது, எனக்குத் தெரிந்த ஒரே வேலை. நீல இங்க்கு புட்டி ஒன்றும் மையில் தொட்டு எழுதுகிற கட்டைப் பேனா ஒன்றும் வாங்கி வந்தேன். அந்தக் கையெழுத்து எனக்கு முதலிலேயே அத்துப்படி, அவர் அதை எடுத்து வைத்துக்கொண்டு பேசும்போதெல்லாம் நான் முகத்தைப் பார்க்கக் கூச்சப்பட்டு அதைத்தானே பார்த்துக்கொண்டிருப்பேன். சானாவுக்கு முந்தின கொம்பு ஒரு பெரிய சுழி, நடுவில் எல்லாம் நெருக்கி நெருக்கி, கடைசியில் வால் இடப்பக்கம் திரும்பிப் பேருக்கு அடியில் ஓடி மறுபடி மேலே ஏறி ஒரு வெட்டு, புள்ளி மட்டும் தனியே தூரத்தில். நோட்டீசுகளுக்குப் பின்பக்கம் எழுதிப் பார்த்தேன், நூறு இருக்கும், இருநூறு இருக்கும், கடைசியில் கண்ணை மூடிக்கொண்டே போட வந்தது, எல்லாவற்றையும் அடுப்பில் போட்டேன். அப்புறம் ஒரு காலையில் பாப்பாவைத் தூங்கப் போட்டுவிட்டு, ஜன்னல் வெளிச்சத்தில் காகிதத்தைச் சாய்த்து வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, அந்த நத்தைத் தடத்தின் மேலேயே நிப்பை விட்டேன். கண்ணை மூடிக்கொண்டு போட்டிருந்தால் ஓடியிருக்கும். தடம் தப்பிவிடக் கூடாதே என்று மெதுவாக, மெதுவாக, நின்று நின்று போனேன். அதுதான் மரியாதை என்று நினைத்தேன். அவர் வந்து மறுநாள் அதை எடுத்துப் பார்த்தார். "பரவால்லையே கண்ணு, இந்த மழையிலயும் மை நல்லா நிக்குது" என்றார். ஊர் கையெழுத்தெல்லாம் பார்க்கிறவர், தன்னுடையதைப் பார்க்கத் தெரியவில்லை.

சொல்லிவிடலாம் என்று மூன்று தரம் வாயைத் திறந்தேன். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார், ஏனுங்க என்றேன், என்ன கண்ணு என்றார், உப்பு போதுமுங்களா என்றேன். ஒருநாள் பாப்பாவுக்குக் காய்ச்சல், அந்தச் சாக்கில் அழுதுகொண்டே சொல்லலாம் என்று பார்த்தேன், அழுகை வந்தது, சொல் வரவில்லை. மூன்றாவது, துண்டுக் காகிதத்தில் எழுதி அவர் சட்டைப் பையில் வைத்தேன், அன்றைக்கு வேறு சட்டையைப் போட்டுக்கொண்டு போனார், நானே அதை எடுத்துக் கிழித்தேன். கிழித்தபோது நிம்மதியாக இருந்தது, அந்த நிம்மதியை நினைத்தால்தான் என் மேலேயே எனக்கு அருவருப்பு. மூன்றரை ஆகிவிட்டதா? கீழே பால்காரர் மணி. இப்போது பாப்பாவைத் தூக்கிக்கொண்டு பொள்ளாச்சி பஸ் ஏறிவிட்டால்? அம்மா கேட்பாள், என்னடி பண்ணினாய்? வெயில் காய வைத்தேன் என்று சொல்வதா. பீரோவுக்குச் சாவி இருந்தால் எடுத்து அடுப்பில் போட்டுவிடலாம், திருடு போனது என்று சொல்லிவிடலாம், சாவி இப்போது அவர் பேண்ட் பையில், இந்த ஒரு வாரமாக அதை அரிசி டின்னில் போடுவதில்லை. டிகாசன். ஆமாம், டிகாசன் இருக்கிறது. தட்டைக் கொண்டுபோகும்போது கால் இடறினால், கூச்சப்பட்ட பொம்பளை, கை நடுங்கிவிட்டது, கொட்டிவிட்டது. திட்டுவார்கள். திட்டு வாங்கிக்கொள்ளலாம். கையெழுத்து கரைந்து போனால் கள்ளமென்று யாரும் சொல்ல முடியாது, ஆனால் நிசமென்றும் சொல்ல முடியாதே, அப்போதும் பேர் ஏறாதே. மாமனாரே, நீங்கள் அந்தப் போட்டோவில் கழுத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டு என்னையே பார்க்காதீர்கள். ஒருவேளை சென்னைக்காரருக்குக் கண் மங்கலாக இருக்கலாம். வயசானவராம். ஒருவேளை பஸ் வராமல் போகலாம். கொக்கி கிரீச் என்கிறது. படியில் செருப்புச் சத்தம், இரண்டு பேர்.

விரலிலிருந்து கயிற்றை அவிழ்த்துவிட்டு அடுப்பங்கரைக்கு ஓடிவிட்டேன். வாங்க சார், தலையப் பாத்து வாங்க, வாச நெலவு தாழ்வு என்று இவர் குரல், எவ்வளவு சந்தோசமான குரல். பீரோ திறந்தது. பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்தது, மறுபடி பற்றவைத்தேன், இரண்டு டம்ளர், சர்க்கரை போட்டேனா, மறுபடி போட்டேனா. தட்டைத் தூக்கிக்கொண்டு போனேன். கடுதாசி மேசை மேல் இருந்தது, வெறுமனே, கைக்கெட்டும் தூரத்தில். இடறினால் போதும். நரைத்த தலை, பெரிய மூக்கு, அவர் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "காபியை அந்த ஜன்னல்ல வெச்சிடுங்கம்மா, காகிதம் இருக்கற இடத்துல நான் தண்ணிகூடக் குடிக்கமாட்டேன்" என்றார். என்னைப்போல எத்தனை பேரைப் பார்த்திருப்பாரோ. ஜன்னலில் வைத்தேன். கதவோரமாக நின்றுகொண்டேன், சேலைத் தலைப்பைப் பல்லில் கடித்துக்கொண்டு. "நஞ்சப்பன், லெட்டர்பேடு சங்கத்துதுதான், சந்தேகமே இல்லை" என்று இவரிடம் சொன்னார். "டைப்பும் அந்தக் காலத்து மிஷின்தான், பழைய சங்கத்துக் காகிதத்திலெல்லாம் இந்த 'ழ' இப்படித்தான் கொஞ்சம் கீழே இறங்கி நிக்கும்." இவர் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. லென்சு கீழே இறங்கியது. வலப்பக்கம் போனது. நின்றது. ஜன்னலுக்கு வெளியே யாரோ தகர டப்பாவைத் தட்டிக்கொண்டு போகிறார்கள், அது தெருமுனை போகும்வரை லென்சு எடுபடவில்லை. காகிதத்தைச் சாய்த்துப் பார்த்தார். மறுபடி வைத்தார். "சென்னியப்பன் கையெழுத்து நான் நாலு பார்த்திருக்கேன்" என்றார், குரல் இறங்கிவிட்டது, ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் வராந்தாவுக்கு வந்து பேசுகிற குரல். "ஒரே இழுப்பு. இது அப்படி இல்லை. இங்க பாருங்க, நின்னிருக்கு. இங்க நின்னிருக்கு. மை உள்ள இறங்கல, மேலயே உக்காந்திருக்கு. கீழே ஒரு கீறல் தெரியுது, ஆனா அது இந்த நிப்போட கீறலாகவும் இருக்கலாம், இனிமே அதைப் பிரிச்சுச் சொல்ல முடியாது. இது போட்டது இல்லை, தம்பி. வரைஞ்சது."

நான் எதிர்பார்த்தது வேறு. கத்துவார், இல்லை என்று சண்டை பிடிப்பார், யார் தொட்டது என்று என்னைத் திரும்பிப் பார்ப்பார், பார்த்தால் நான் விழுந்துவிடுவேன், எல்லாம் அதோடு முடியும், இப்படித்தான் மூன்று மாசமாக நான் நினைத்து வைத்திருந்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. போட்டோவைப் பார்த்தார். "எங்கப்பன் சங்கத்து ஆபீசைக் கூட்டிப் பெருக்கற வேலையும் பாத்தாருங்க" என்றார், யாரோ கேட்டதற்குப் பதில் சொல்கிற மாதிரி. "லெட்டர்பேடு கைக்கெட்டற எடந்தானுங்க. டைப்பு மிசினும் அங்கதான் இருந்துச்சு." சென்னைக்காரர், "அப்படி உடனே முடிவு கட்ட வேண்டாம்" என்றார். "இல்லீங்க. அவுங்க சொன்னது நெசந்தானுங்க போல. கையெழுத்து எவன் வேணும்னாலும் போடலாம்னு சொன்னாங்களாம். அவரே போட்டுக்கிட்டாரு." அவர் தோள் ஒரு பக்கம் தாழ்ந்திருந்தது. பாடையைத் தூக்கிக்கொண்டு நிற்கிற மாதிரி. அப்போதுதான் எனக்குப் புரிந்தது, நான் என்ன செய்துவிட்டேன் என்று. மை போனதற்கு அழுதேன், மாட்டிக்கொள்வேன் என்று பயந்தேன், ஊர் நம்பாது என்று பயந்தேன், இவரே நம்பாமல் போவார் என்று ஒருநாளும் நினைக்கவில்லையே. ஊரே துப்பினபோது அந்த மனுசனை நம்பின ஒரே ஆள் இவர். தலைப்பு பல்லிலிருந்து விழுந்தது. "அது நானுங்க" என்றேன். என் காதுக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். "அது நான் வரைஞ்சதுங்க. அதுக்கு முன்னால நெசமாவே இருந்துச்சு. வெயில்ல போட்டேன், போயிருச்சு." அவர் திரும்பினார். முகத்தில் கோபமில்லை, பாவம் பார்க்கிற முகம். "நீ உள்ள போ கண்ணு. என்னையத் தேத்தறதுக்குப் பொய் சொல்லாத" என்றார். "நெசமுங்க." "உன்ற பேர எழுதவே ரேசன் கடையில அஞ்சு நிமிசம் ஆகுது உனக்கு. போ, பிள்ளை முழிச்சிருச்சு பாரு."

பிள்ளை முழித்துத்தான் இருந்தாள், தூளிக்குள்ளிருந்து ஒரு கை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. நான் போகவில்லை. சென்னைக்காரர் முன்னால் ஒரு நோட்டுப் புத்தகம் விரித்திருந்தது, அதன் மேல் பேனா. ஒரு வேற்று ஆண்பிள்ளை பேனாவை நான் கேட்காமல் எடுத்தேன். உட்காரவில்லை, குனிந்து, கண்ணை மூடிக்கொண்டேன். கொம்பின் பெரிய சுழி, நெருக்கி நெருக்கி, வால் திரும்பி அடியில் ஓடி, ஏறி, வெட்டு, தூரத்தில் புள்ளி. கண்ணைத் திறந்தபோது இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சென்னைக்காரர் லென்சை வைத்தார், எடுத்தார். "இது ஓடுது" என்றார், அவ்வளவுதான். இவர் நோட்டைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார், வெகுநேரம். "எப்ப?" என்றார். "கார்த்திகையிலங்க." "முன்னால இருந்தது?" "இருந்துச்சுங்க. நான் பாத்தேன். தினமும் பாத்தேன்." அன்றைக்குத் துப்பினவர்களைத் தவிர வேறு யார் பார்த்தார்கள்? அவர், நான், செத்துப்போன மாமனார். அவர் கையை மேசையில் ஊன்றி எழுந்தார். அடிப்பார் என்றுகூட நினைத்தேன், அடித்தால் நன்றாக இருந்திருக்கும். "கல்தச்சருக்குச் சொல்லோணும்" என்றார். "அந்தக் கடைசிக் கோட்டை அழிச்சிரச் சொல்லோணும்." செருப்பு போடாமல் படியிறங்கிப் போனார். எந்தப் படியிலாவது சத்தம் நிற்குமா என்று கேட்டுக்கொண்டிருந்தேன், நிற்கவில்லை, போய்விட்டார்.

பாப்பாவை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டேன். நனைத்திருந்தாள். சென்னைக்காரர் லென்சைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார், போவதற்கு எழுந்திருக்கவில்லை. நோட்டிலிருந்து எழுதாத தாள் ஒன்றைக் கிழித்து என் பக்கம் நகர்த்தினார். "நடந்ததை எழுதுங்கம்மா. எப்ப வெயில்ல வெச்சீங்க, எத்தனை நாள், முன்னால என்ன பார்த்தீங்க, எப்படி மேல வரைஞ்சீங்க. அந்தக் கடிதத்தோட இதுவும் இருக்கணும். எங்க வேலையில அதுதான் வழக்கம்." நான் கேட்டேன், ஒரு வேற்று ஆளிடம் நானாகக் கேட்டது அதுதான் முதல் தரம், "இத எழுதினாப் பேரு ஏறுமுங்களா?" அவர் தலையை அசைத்தார். "ஏறாதும்மா. பொய் சொல்ல மாட்டேன். உங்க வார்த்தையைத் தவிர வேற ஒண்ணும் இல்லையே. பின்னால எவனாவது தேடி வந்தா அவன் படிக்கட்டும்." எழுதினேன். பாப்பா பேனாவைப் பிடிக்கப் பிடிக்க எழுதினேன், தப்பும் தவறுமாக, பூச்சியை, சாமி படத்துக் கண்ணாடியை, காக்காயை, எல்லாவற்றையும். ஒரு பக்கம் நிறைந்தது. காப்பி ஜன்னலில் ஆடை கட்டிக் கிடந்தது. "கீழே கையெழுத்துப் போடுங்க" என்றார். ம. நின்றேன். யி, மேல்சுழியை எங்கே வளைப்பது. லா. பின்னால் யாரும் உச்சுக் கொட்டவில்லை, ஆனாலும் கை நின்றது. த் எழுதிப் புள்ளி வைத்தேனா என்று திரும்பிப் பார்த்தேன். தா. ள், அதற்கும் புள்ளி. ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு இடத்தில் மை குளம் கட்டியிருந்தது. தாளை அவர் பக்கம் நகர்த்தினேன். பழக்கத்தில் அவர் கை லென்சை எடுத்து என் பேருக்கு மேலே கொண்டு போனது. நான் பாப்பாவின் தலையில் முகத்தை வைத்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன், அவர் அங்கே என்ன பார்ப்பார் என்று எனக்குத் தெரியும்.